பெண்ட்: கேடயத்தில் சாய்ந்து இறங்கும் பட்டையைப் படிக்கவும் வரையவும் முழுமையான வழிகாட்டி

1385ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்து மீது படையெடுத்துப் போனார். அந்தப் படையில் ரிச்சர்ட் ஸ்க்ரோப் என்ற பிரபுவும் ராபர்ட் க்ரோவ்னர் என்ற வீரரும் இருந்தார்கள். இருவர் கேடயத்திலும் ஒரே சின்னம்: நீலப் பரப்பு, அதில் மேல் மூலையிலிருந்து குறுக்காக இறங்கும் ஒரு தங்கப் பட்டை. "இது எங்கள் குடும்பச் சின்னம், இவர் எப்படிப் போட்டுக்கொள்ளலாம்?" என்று ஸ்க்ரோப் வழக்குத் தொடுத்தார். வழக்கு முடிய 1390 ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர்.

சாசர் சொன்ன சாட்சியம் இன்றும் இருக்கிறது. லண்டன் ஃப்ரைடே தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு விடுதி வாசலில் இந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்தாராம். ஸ்க்ரோப் குடும்பத்தார் யாரோ தங்கியிருக்கிறார்கள் என்று நினைத்து விசாரித்திருக்கிறார். "இல்லை, இது க்ரோவ்னருடையது" என்று பதில் வந்திருக்கிறது. க்ரோவ்னர் என்ற பெயரையே அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன் என்றார் சாசர்.

சிங்கமும் இல்லை, கழுகும் இல்லை. ஒரே ஒரு பட்டைக்காக ஐந்து வருடம் நடந்த வழக்கு இது. அந்தப் பட்டையின் பெயர்தான் பெண்ட். ஐரோப்பியக் குலச்சின்னக் கலையில் மிகப் பழையதும் மிக எளியதுமான வடிவங்களில் இதுவும் ஒன்று. இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் மற்ற சின்னங்களைப் படிப்பதும் பாதி கைவந்துவிடும். அதனால்தான் இந்தக் கலையில் ஆர்வம் என்று யார் வந்தாலும் முதலில் பெண்டைத்தான் காட்டுவேன்.

முதலில் பெயர்

பெண்ட் என்றதும் நமக்கு வளைவு ஞாபகம் வரும். "கம்பி பெண்ட் ஆயிடுச்சு" என்று சொல்கிறோமே, அது. இங்கே வளைவே கிடையாது. இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பொருள் பட்டை அல்லது கட்டு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இதைப் பாந்த் என்றுதான் சொல்கிறார்கள். ஆக, பெண்ட் என்றால் கேடயத்தின் மேல் மூலை ஒன்றில் தொடங்கி எதிர்ப்பக்கத்தின் கீழ்ப்பகுதி வரை சாய்வாக இறங்கும் நேரான பட்டை.

அதற்கு மேல் பொருள் தேடாதீர்கள். பெண்ட் என்றால் வீரம், காவல், படைத்தலைவரின் தோள்பட்டை என்றெல்லாம் பட்டியல் போட்டு, உங்கள் குடும்பப் பெயருக்கு ஒரு சின்னமும் சேர்த்து விற்கிறவர்கள் உண்டு. இந்த அர்த்தங்கள் பிற்காலத்தில் எழுதிச் சேர்க்கப்பட்டவை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஒருவர் பெண்டைத் தேர்ந்தெடுத்தால், தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும், வேறு யாரும் போடவில்லை என்பதே போதுமான காரணமாக இருந்தது.

படி 1: யாருடைய வலது?

தடுமாற்றம் இங்கேதான் தொடங்கும், அதனால் நிதானமாகப் பாருங்கள். குலச்சின்னக் கலையில் வலது, இடது என்பதெல்லாம் கேடயத்தைப் பிடித்திருப்பவருடைய வலது, இடது. எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது மாறித் தெரியும். பிடித்திருப்பவரின் வலப்பக்கத்துக்கு டெக்ஸ்டர் என்று பெயர், இடப்பக்கத்துக்கு சினிஸ்டர்.

நமக்கு இது புதிய பழக்கமே இல்லை. முருகன் சந்நிதியில் நிற்கிறோம். சுவாமிக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. எதிரே நிற்கும் நமக்கு வள்ளி இடப்பக்கம் தெரிகிறார். கோயிலில் யாரும் நம் கைப்பக்கத்தை வைத்துச் சொல்வதில்லை, சுவாமியின் கைப்பக்கத்தை வைத்துத்தான் சொல்வார்கள். கேடயத்துக்கும் அதே கணக்கு.

சரி, பெண்ட் என்று மட்டும் சொன்னால் அது டெக்ஸ்டர் மேல் மூலையில் தொடங்கி சினிஸ்டர் கீழ்ப்பக்கம் இறங்கும். பார்க்கிற நமக்கு மேல் இடது மூலையிலிருந்து கீழே வலப்பக்கம். இதன் எதிர்த்திசையில் போனால் அதற்குப் பெண்ட் சினிஸ்டர் என்று பெயர். திசை சொல்லாமல் விட்டால் எப்போதும் முதல் வகைதான்.

படி 2: ஏழு நிறச் சொற்கள்

இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. உலோகங்கள் இரண்டு: ஓர் என்றால் தங்கம், ஆர்ஜெண்ட் என்றால் வெள்ளி. மஞ்சளும் வெள்ளையும் இவற்றுக்குப் பதிலாக வரலாம். நிறங்கள் ஐந்து: கியூல்ஸ் சிவப்பு, அஷூர் நீலம், சேபிள் கறுப்பு, வெர்ட் பச்சை, பர்பியூர் ஊதா.

இவற்றைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று உண்டு. உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. மஞ்சளில் வெள்ளையும், நீலத்தில் கறுப்பும் தூரத்துக்குத் தெரியாது என்பதுதான் காரணம். ஸ்க்ரோப்பின் நீலத்தில் தங்கம் விதிக்குச் சரி. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் சின்னம் வெள்ளியில் சிவப்புப் பெண்ட். ஜெர்மனியின் பாடன் பகுதிக்குத் தங்கத்தில் சிவப்புப் பெண்ட். மூன்றையும் ஒரு மைதானத்தின் மறுகோடியிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம்.

படி 3: வாசகத்தைப் படிப்பது

சின்னத்தைச் சொற்களால் வருணிக்கும் வாசகத்துக்கு பிளேசன் என்று பெயர். படத்தைவிட இந்த வாசகத்துக்குத்தான் மதிப்பு அதிகம். வாசகம் ஒன்றாக இருந்தால் போதும், பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரைந்தாலும் பத்தும் அதே சின்னம்தான்.

ஸ்க்ரோப்பின் வாசகம் இவ்வளவுதான்: அஷூர், எ பெண்ட் ஓர். முதலில் பரப்பின் நிறம், பிறகு அதன் மேல் இருக்கும் பொருள், பிறகு அந்தப் பொருளின் நிறம். பிரெஞ்சு வழக்கத்தைப் பின்பற்றுவதால் நிறம் பொருளுக்குப் பின்னால் வருகிறது. "பரப்பு நீலம், பட்டை தங்கம்" என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அதே வரிசை இயல்பாக வந்து உட்காரும்.

இப்போது கொஞ்சம் நீளமான ஒன்று. 1596இல் ஜான் ஷேக்ஸ்பியருக்கு ஒரு சின்னம் வழங்கப்பட்டது. நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் தந்தைதான் அவர். வாசகத்தைத் தமிழில் சொன்னால்: தங்கம், கறுப்புப் பெண்ட் ஒன்றின் மீது, முதலாவதன் ஈட்டி, அதன் முனை வெள்ளி.

"முதலாவதன்" என்ற சொல்லைப் பார்த்து நின்றுவிட வேண்டாம். வாசகத்தில் முதலில் சொன்ன நிறம் எதுவோ அது என்று பொருள். இங்கே முதலில் வந்தது தங்கம், ஆகவே ஈட்டியும் தங்கம். ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க அந்தக் காலத்தவர்கள் கண்ட வழி இது. ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் இருக்கும் ஸ்பியர்தான் கேடயத்தில் ஈட்டியாக வந்திருக்கிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். பெயரைச் சின்னத்துக்குள் வைப்பது பெரிதும் விரும்பப்பட்ட வழக்கம்.

இந்தச் சின்னத்துக்கும் தகராறு வந்தது. 1602இல் ரால்ஃப் ப்ரூக் என்ற சின்னத்துறை அதிகாரி, தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று சக அதிகாரிகள் மீதே புகார் கிளப்பினார். மாலி என்ற பிரபு குடும்பத்தின் சின்னம் தங்கத்தில் கறுப்புப் பெண்ட், ஷேக்ஸ்பியருடையதும் அதே மாதிரி இருக்கிறது என்பது அதில் ஒரு குறை. மேலே ஓர் ஈட்டி இருக்கிறதே, அந்த வேறுபாடு போதும் என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் நியாயமாகத்தான் படுகிறது. பெண்டின் மேல் ஒரு பொருளை ஏற்றினால் அது வேறு சின்னம்.

படி 4: வரைவது

ஒரு தாளில் 15 சென்டிமீட்டர் அகலத்தில் கேடயம் வரையுங்கள். மேற்பக்கம் நேராக, கீழே வளைந்து கூராக முடியட்டும்.

மேல் இடது மூலையிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். புதிதாக வரைகிறவர்கள் இந்தக் கோட்டைக் கேடயத்தின் அடிக்கூர் வரை கொண்டுபோய்விடுவார்கள். அப்படிப் போனால் பட்டை செங்குத்தாக நிமிர்ந்து, எங்கோ சறுக்கி விழுவது போல இருக்கும். கோடு வலப்பக்க விளிம்பில், வளைவு தொடங்கும் இடத்தையொட்டி முட்டட்டும். இதுதான் பெண்டின் நடுக்கோடு. மூலை பட்டையின் நடுவில் வர வேண்டும்.

அகலத்துக்குப் பழைய நூல்கள் ஒரு கணக்கு சொல்கின்றன. வெறும் பெண்ட் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, மேலே உருவங்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. நம் 15 சென்டிமீட்டருக்கு 3 அல்லது 5 சென்டிமீட்டர். நல்ல ஓவியர்கள் இதை அளந்து பார்ப்பதில்லை, கண்ணுக்கு நிறைவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நீங்களும் இரண்டு மூன்று வரைந்த பிறகு அளவுகோலை ஓரமாக வைத்துவிடலாம்.

மேலே உருவங்கள் வைப்பதாக இருந்தால் ஒரு விதி. பெண்டின் மேலுள்ள உருவங்கள் பெண்டோடு சேர்ந்தே சாயும். லொரேன் பகுதியின் சின்னத்தில் தங்கப் பரப்பில் சிவப்புப் பெண்டும், அதன் மேல் மூன்று வெள்ளிக் கழுகுகளும் உண்டு. அலகும் காலும் இல்லாத குட்டிக் கழுகுகள் அவை. மூன்றும் பட்டையின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்தே இருக்கும். நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் வாசகம் அதைத் தனியாகச் சொல்லும். ஷேக்ஸ்பியரின் ஈட்டியும் இப்படித்தான், பட்டையின் நீளவாக்கில், கூர்முனை மேலே. வரைந்து முடித்ததும் அதற்கு மஞ்சளும் கறுப்பும் தீட்டிப் பாருங்கள். அதே சின்னத்தை ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஷேக்ஸ்பியர் நினைவுச் சிலைக்கு மேலே காணலாம்.

படி 5: பெண்டின் குடும்பம்

அகலம் குறையக் குறையப் பெயர் மாறும். பெண்டில் பாதி அகலம் இருந்தால் பெண்ட்லெட். அதைவிடவும் மெலிந்து, பெண்டின் இருபுறமும் காவலுக்கு நிற்பது போல ஜோடியாக வந்தால் கோட்டீஸ். ஹெரிஃபோர்ட் பிரபுக்களான போஹுன் குடும்பத்தின் சின்னம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: நீலத்தில் வெள்ளிப் பெண்ட், இருபுறமும் தங்கக் கோட்டீஸ், சுற்றி ஆறு தங்கச் சிங்கங்கள். கேடயத்தின் விளிம்பைத் தொடாமல் இரு முனையும் வெட்டப்பட்டுக் குச்சி போல நின்றால் அது பேட்டன். இந்தப் பேட்டனை நினைவில் வையுங்கள், கொஞ்சத்தில் அதனிடம் திரும்ப வேண்டியிருக்கிறது.

அப்புறம், பெண்ட் என்ற சொல் வாசகத்தில் வேறு உருவிலும் தலைகாட்டும். பெர் பெண்ட் என்றால் பட்டை கிடையாது, கேடயமே அந்தச் சாய்வில் இரண்டாகப் பிரிந்து இரு நிறமாக இருக்கிறது. பெண்டி என்றால் பரப்பு முழுக்கச் சாய்ந்த கோடுகள். பழைய பர்கண்டியின் சின்னம் அப்படி, தங்கமும் நீலமும் மாறி மாறி ஆறு. இன் பெண்ட் என்றால் பல பொருள்கள் அந்தச் சாய்வில் வரிசையாக நிற்கின்றன. பெண்ட்வைஸ் என்றால் ஒரு பொருள் அந்தச் சாய்வில் படுத்திருக்கிறது.

படி 6: பெண்ட் சினிஸ்டரைத் தவறாகப் படிக்காமலிருப்பது

எதிர்த்திசையில் சாய்ந்த பட்டையைக் கண்டால், திருமணத்துக்கு வெளியே பிறந்தவரின் சின்னம் என்று சட்டென்று முடிவு கட்டிவிடும் பழக்கம் பரவிக்கிடக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் மேல் அநியாயமாக விழுந்த பழி இது. ஜெர்மன் நாடுகளில் பெண்ட் சினிஸ்டரைக் கௌரவமாகத் தாங்கிய குடும்பங்கள் உண்டு. அது வெறும் எதிர்ச்சாய்வுப் பட்டை, வேறொன்றும் இல்லை.

"பார் சினிஸ்டர்" என்ற சொல் இன்னும் மோசம். ஆங்கிலக் குலச்சின்னக் கலையில் பார் என்பது கிடைமட்டக் கோடு. கிடைமட்டக் கோட்டுக்கு ஏது இடது சாய்வு? பிரெஞ்சில் பெண்ட் சினிஸ்டருக்குப் பார் என்று பெயர், அதைச் சரியாகக் கவனிக்காமல் ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்ததில் பிறந்த குழப்பம் இது.

அப்படியானால் இந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லையா என்று கேட்டால், ஒரு துளி இருக்கிறது. அங்கேதான் பேட்டன் வருகிறது. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன்களில் க்ராஃப்டன் கோமகனின் சின்னம், அரச சின்னத்தின் மேல் வெள்ளியும் நீலமும் மாறி மாறி வரும் பேட்டன் சினிஸ்டர். செயிண்ட் ஆல்பன்ஸ் கோமகனுக்குச் சிவப்புப் பேட்டன் சினிஸ்டர், அதில் மூன்று வெள்ளி ரோஜாக்கள். ஆனால் அதே தந்தைக்கு அதே முறையில் பிறந்த ரிச்மண்ட் கோமகனுக்குப் பேட்டனே இல்லை, சுற்றிலும் கட்டம் போட்ட கரைதான். ஒரே தந்தையின் பிள்ளைகளுக்கே ஒரே அடையாளம் இல்லாதபோது, ஊரிலுள்ள எதிர்ச்சாய்வுப் பட்டைக்கெல்லாம் ஒரே அர்த்தம் எப்படிச் சொல்ல முடியும்?

பிரான்சில் இது இன்னும் நுட்பம். போர்போன் வம்சத்தின் காந்தே கிளை, அரச சின்னமான நீலத்தில் மூன்று தங்க லில்லிப் பூக்களின் நடுவே ஒரு சின்னஞ்சிறு சிவப்புக் குச்சியைப் போட்டுக்கொண்டது. அது பெண்டின் திசையில் சாய்ந்திருக்கும். முறைப்படி பிறந்த இளைய கிளை என்பதற்கு அடையாளம் அது. பதினான்காம் லூயி பிற்பாடு தன் பிள்ளையாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்ட மேன் கோமகனுக்கும் அதே பூக்கள், அதே சிவப்புக் குச்சி, சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம். படி 1இல் திசையை நிதானமாகப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தக் குச்சியைத் திருப்பி வரைந்தால் ஒரு மனிதரின் பிறப்பையே மாற்றி எழுதியதாகிவிடும்.

உறவைக் காட்டும் கருவியாக

அண்ணன் தம்பி, மூத்த கிளை இளைய கிளை என்று பிரித்துக் காட்டவும் பெண்ட் பயன்பட்டது. லங்காஸ்டர் ஹென்றி 1300இல் கேர்லாவராக் கோட்டை முற்றுகைக்குப் போனபோது, சிவப்பில் மூன்று தங்கச் சிங்கங்கள் கொண்ட இங்கிலாந்தின் சின்னத்தின் குறுக்கே மெல்லிய நீலப் பெண்ட் ஒன்றைப் போட்டிருந்தார். பார்த்தவுடன் அரச குடும்பம் என்று தெரியும், ஆனால் அரசர் இல்லை என்றும் தெரியும். சிவப்பின் மேல் நீலம் வரலாமா என்ற கேள்வி உங்களுக்குத் தோன்றினால் விதி நன்றாகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி வேறுபாடு காட்டுவதற்காக ஏற்றும் அடையாளங்களுக்கு அந்த விதியைத் தளர்த்திக்கொள்வார்கள்.

ஸ்க்ரோப் வழக்கும் கடைசியில் இந்த உறவுப் பிரச்சினையில்தான் வந்து நின்றது. 1389இல் வந்த தீர்ப்பு ஸ்க்ரோப்புக்குச் சாதகம். ஆனால் க்ரோவ்னர் அதே சின்னத்தை ஒரு வெள்ளைக் கரை கட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றது. விஷயம் மன்னரிடம் போனது. வெள்ளைக் கரை என்பது ஒரே குடும்பத்தின் உறவினருக்குரிய வேறுபாடு, அந்நியருக்கு அது பொருந்தாது என்று 1390இல் மன்னர் அதையும் மறுத்துவிட்டார். க்ரோவ்னர் பெண்டைக் கைவிட்டு, நீலத்தில் ஒரு தங்கக் கோதுமைக் கதிர்க்கட்டைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டார். இன்னொரு சங்கதி: கார்ன்வாலில் கார்மினோ என்ற குடும்பமும் இதே நீலத்தில் தங்கப் பெண்டை, ஆர்தர் மன்னர் காலத்திலிருந்தே தங்களுடையது என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தது. அவர்களை யாரும் தடுக்கவில்லை.

க்ரோவ்னர் வம்சத்தார் இந்த இழப்பை மறந்தார்களா? அதே வம்சத்தில் வந்த முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தன் பந்தயக் குதிரைக்கு வைத்த பெயர் பெண்ட் ஓர். தங்கப் பட்டை! அந்தக் குதிரை 1880இல் எப்சம் டெர்பியில் ஜெயித்தது. தீர்ப்பு வந்து 490 வருடங்கள் ஆகியிருந்தன.

கொடிகளில் பழகுங்கள்

கேடயங்கள் நம் ஊரில் எளிதில் கண்ணில் படாது. கொடிகளை வைத்துப் பழகலாம், கம்பம் உங்கள் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரையன் லாரா பிறந்த ட்ரினிடாட் அண்டு டொபேகோவின் கொடியில் சிவப்புப் பரப்பில் கறுப்புப் பட்டை மேல் இடப்பக்கத்திலிருந்து இறங்குகிறது. ஆகவே பெண்ட். சிவப்பின் மேல் கறுப்பு வரக்கூடாதே? அதற்குத்தான் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கரை. நிறமும் நிறமும் ஒட்டாமல் நடுவே ஓர் உலோகம். இந்தக் கரைக்கு ஃபிம்ப்ரியேஷன் என்று பெயர். 1962இல் உருவான கொடி, 12ஆம் நூற்றாண்டின் கண்ணுக்கும் பிடிக்கும்படி இருக்கிறது.

தான்சானியா, நமீபியா இரண்டிலும் பட்டை கீழ் இடது மூலையிலிருந்து மேலே ஏறுகிறது. இரண்டுமே பெண்ட் சினிஸ்டர். படி 6ஐப் படித்த பிறகு அதில் யாரும் தப்பர்த்தம் காண மாட்டீர்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி

இளவரசி டயானாவின் பிறந்த வீடான ஸ்பென்சர் குடும்பத்தின் வாசகம் இது. படத்தைத் தேடாமல், முதலில் வாசகத்தை மட்டும் வைத்து வரையுங்கள். கேடயம் நான்கு பாகம், வெள்ளியும் சிவப்பும் மாறி மாறி. முதல் பாகம் நமக்கு மேல் இடது, அது வெள்ளி. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் பின்னல் போலத் தங்கப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கறுப்புப் பெண்ட், அதன் மீது மூன்று வெள்ளிச் சிப்பிகள்.

கறுப்புப் பட்டை சிவப்புப் பாகங்களையும் கடந்து போகிறதே என்று தயங்க வேண்டாம். பரப்பு பாதி உலோகம், பாதி நிறம் என்று கலந்திருந்தால் அதன் மேல் எதையும் வைக்கலாம். பெண்ட் மேல் இடது மூலையில் தொடங்குகிறதா, அடிக்கூருக்குப் போகாமல் வலது விளிம்பில் முட்டுகிறதா, சிப்பிகள் ஏறுவதால் மூன்றில் ஒரு பங்கு அகலம் இருக்கிறதா, மூன்று சிப்பிகளும் பட்டையோடு சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு, டயானாவின் மூத்த மகன் வில்லியமுக்கு 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட சின்னத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று பற்கள் கொண்ட வெள்ளைச் சட்டம் ஒன்று இருக்கும். அதன் நடுப் பல்லில், சிவப்பில், அம்மா வீட்டுப் பெண்டிலிருந்து வந்த ஒரு சிப்பி.